நடுங்கும் என்ஜினும் நான்கு ரப்பர்த் துண்டுகளும்



ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பில், சேலத்துக்குப் புறப்பட நிற்கும் பேருந்தில் நீங்கள் அமர்ந்திருந்தால் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஓட்டுநர் என்ஜினை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார். என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அப்போது சன்னல் கண்ணாடிகள் எல்லாம் கடகடவென்று ஆடும். தலைக்கு மேலுள்ள கம்பி நடுங்கும். கண்ணாடியில் தலை சாய்த்தவர் உடனே நிமிர்ந்துவிடுவார். ஓட்டுநர் திரும்பி வந்து ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்ததும் என்ஜினின் ஓசை பெரிதாகும். ஆனால் கண்ணாடிகளின் ஆட்டம் அடங்கிவிடும். என்ஜின் முன்னிலும் விரைவாகச் சுழல்கிறது. எனினும் வண்டி முன்னிலும் அமைதியாக இருக்கிறது. இஃது ஏன்?

நான் பௌதிகம் கற்பித்த காலத்தில் மாணவர்களிடம் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம். அவர்களுள் ஒருவன் சென்ற ஆண்டு அதே கேள்வியை வேறு உருவில் என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தான். அவன் இப்போது ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். சேர்வராயன் மலையில் தன் பாட்டனாருடைய காப்பித் தோட்டத்தில், பாழடைந்து கிடந்த ஒரு கிடங்கிலே, நண்பர்கள் இருவரோடு சேர்ந்து இருவர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

"ஐயா, என்ஜினை எதன் மேல் பொருத்துவது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நான் சொல்கிறேன். ரப்பரே வேண்டா, இரும்போடு இரும்பாக முடுக்கிவிடு என்கிறான் மற்றவன். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றான்.

"தம்பி, எனக்கு விமானம் தெரியாது, ஊஞ்சல் தெரியும்" என்றேன்.

ஒருவர் தம் கையாலேயே விமானம் கட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் எண்ணிவிட வேண்டா. மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் அப்படித்தான் கட்டினார்கள். நம் சென்னை நகரில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்னும் கார்சிகாத் தீவினர், தாம் வகுத்த அமைப்பின்படி சிம்சன் கம்பெனியின் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டுவித்தார். 1910-ஆம் ஆண்டில் அதைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுச் சோதித்துவிட்டுப் பின்னர்த் தீவுத்திடலில் பொதுமக்களுக்குக் கட்டணம் வைத்துக் காட்டினார். பெங்களூரிலுள்ள தேசிய விமான ஆய்வகம் 'ஹன்ஸா' என்னும் பயிற்சி விமானத்தைச் செய்வதற்கு முன், 1987-இல் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டது. அதற்கு மூலமாக இருந்தது, வீட்டில் விமானம் கட்டுவோருக்காகவே பர்ட் ரூட்டான் என்னும் அமெரிக்கர் வகுத்த 'லாங்-ஈஸி' என்பது. மும்பையில் அமோல் யாதவ் என்பவர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார்; 2016-இல் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. இவற்றோடு ஒப்பிட்டால் காப்பிக் கிடங்கு வசதியான இடம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று: மலையில் கட்டிய விமானம் முதலில் லாரியில்தான் பயணம் செய்ய வேண்டும். இறக்கைகளைக் கழற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கிய பிறகுதான் அது மேலே ஏறுவதைப் பற்றி நினைக்க இயலும்.

அதிர்வு என்பது சிறு தொந்தரவு என்று கருதுவோர் 1903-ஆம் ஆண்டின் கடைசி வாரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ரைட் சகோதரர்களின் விமானம் நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே கிட்டி ஹாக் மணல்வெளியில் ஓரளவு ஆயத்தமாகிவிட்டது. ஏறக்குறைய 12 குதிரைத்திறன் உள்ள அதன் என்ஜினைக் கீழ் இறக்கையின் மேலேயே பொருத்தியிருந்தார்கள். சோதனையாக ஓடவிட்டபோது அது சீராக ஓடாமல் வெட்டி வெட்டி ஓடியது. அந்த உதறலில் புரொப்பெல்லர்களைத் தாங்கும் குழாய்த் தண்டுகள் கெட்டுப்போயின. தண்டுகள் டேட்டன் நகருக்குத் திரும்பிப் போய்ப் பழுது நீங்கி வந்தன. பிறகு சங்கிலிச் சக்கரங்கள் தளர்ந்தன. மிதிவண்டி டயர் ஒட்டும் பசையை ஊற்றி அவற்றை இறுக்கினார்கள். அதன் பின்னும் ஒரு தண்டில் விரிசல் கண்டது. ஆர்வில் தாமே டேட்டனுக்குப் போய், குழாயை விட்டுவிட்டு வில் எஃகினால் உட்குடைவற்ற தண்டுகளைச் செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் 11-இல் திரும்பினார். 17-ஆம் தேதி விமானம் பறந்தது. காற்றையும் இறக்கையையும் வென்றுவிட்ட அந்த இருவரை ஒரு மாதத்துக்கு மேல் தரையில் நிறுத்தி வைத்தவற்றுள் என்ஜினின் உதறலும் ஒன்று.

இனி எங்கள் கிடங்குக்கு வருவோம். அங்கே ஒரு மூலையில் பழைய டீசல் என்ஜின் ஒன்று இருக்கிறது. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்தை ஒரு காலத்தில் ஓட்டியது அது. ஆள் இடுப்பளவு உயரமுள்ள கான்கிரீட் மேடையில் நான்கு பெரிய போல்ட்டுகளால் அது பிணைக்கப்பட்டிருக்கிறது. என்ஜின் உதறினால் மேடையை உதற வேண்டும். மேடையோ மலைப்பாறையோடு சேர்ந்தது. ஆகவே அதற்கு ரப்பர் தேவைப்படவில்லை. விமானத்திலே பாறை ஏது? மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன ஒரு சட்டம், அதற்குப் பின்னால் ஒரு தகடு, அதற்குப் பின்னால் இரண்டு மனிதர்கள். இரும்போடு இரும்பாக முடுக்கினால் என்ஜினின் ஒவ்வொரு உதறலும் குழாய்களின் பற்றுவைப்புகளையும், அளவுமானிகளையும், ஓட்டுபவருடைய கையையும் போய்ச் சேரும். உலோகம் பல இலட்சம் முறை சிறிது சிறிதாக வளைந்தால், ஒரு முறை பலமாக வளைக்கையில் தாங்கிய இடத்திலும் விரிசல் விடும். ஆகவே இரும்புக் கட்சிக்காரன் தோற்றான்.

மெத்தென்ற கட்சியோ எளிதில் தோற்பதாக இல்லை. அதற்காக நான் ஒரு சிறு சோதனை செய்து காட்டினேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். நான்கைந்து ரப்பர் வளையங்களைச் சங்கிலி போல் கோத்து, ஒரு சிறு ஏற்காட்டு ஆரஞ்சைக் கைக்குட்டையில் முடிந்து அதன் முனையில் கட்டுங்கள். மேல் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கையை மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள். பழம் கையோடு கூடவே ஏறி இறங்கும். கையைச் சற்று விரைவாக ஆட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட தாளத்தில் பழம் துள்ளத் தொடங்கும். கை ஓரங்குலம் அசைந்தால் பழம் ஒரு சாண் குதிக்கும். ஊஞ்சலை அதன் நேரம் பார்த்துத் தள்ளும்போது நிகழ்வதும் இதுவே. இன்னும் விரைவாக ஆட்டுங்கள். விந்தை! கை நடுங்குகிறது, பழம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது.

பழம் துள்ளிய அந்தத் தாளத்துக்கு இயல்பு அதிர்வெண் என்று பெயர். துள்ளலுக்கு ஒத்ததிர்வு என்று பெயர். புறத்தேயிருந்து வரும் அதிர்வு, இயல்பு அதிர்வெண்ணைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் ரப்பர் நமக்கு உதவத் தொடங்குகிறது. 2 மடங்கானால் அதிர்வில் மூன்றில் ஒரு பங்குதான் கடந்து செல்லும். 3 மடங்கானால் எட்டில் ஒரு பங்கு. அந்த 1.4 மடங்குக்குக் கீழே ரப்பர் வைப்பது, வைக்காமலிருப்பதைவிடத் தீங்கு. ஒண்டிக்கடையில் நின்ற பேருந்தின் கண்ணாடிகளும் இந்த ஆரஞ்சின் உறவினரே.

ரப்பர் மேல் அமர்ந்த ஒரு பாரத்தின் இயல்பு அதிர்வெண்ணை அறிய ஓர் எளிய வழி உண்டு. பாரத்தை வைத்ததும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால், விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். 1 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 16. 4 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 8. ரப்பர் விரைந்த அதிர்வுக்குச் சற்று விறைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் உண்மையில் கிடைப்பது இந்தக் கணக்கைவிடச் சிறிது கூடுதலாகவே இருக்கும்.

அவனுடைய என்ஜின் நான்கு சிலிண்டர் உள்ளது. நிமிடத்துக்கு 2,700 சுற்று ஓடும்போது விநாடிக்கு 45 சுற்று. புரொப்பெல்லர் சற்றே எடை சமன் தவறியிருந்தாலும் இந்த 45 தெரியும். நான்கு வீச்சு என்ஜின் ஆகையால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள் வெடிக்கும். அது விநாடிக்கு 90. இந்த இரண்டுக்கும் 8 என்னும் இயல்பு அதிர்வெண் மிகத் தாழ்ந்தது. பறக்கும்போது அதிர்வு பெரும்பாலும் ரப்பரோடு நின்றுவிடும். ஆனால் நிமிடத்துக்கு 700 சுற்றில் மெதுவாக ஓடும்போது பாருங்கள்: சுற்று விநாடிக்கு 12-க்கும் குறைவு. 8-ஐப் போல் ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆகவே தரையில் நிற்கும்போது ஓரளவு ஆட்டம் இருந்தே தீரும். என்ஜினை நிறுத்தும்போது வேகம் தணிந்து தணிந்து அந்த 8-ஐக் கடந்துதான் சுழியத்துக்கு வர வேண்டும். அப்போது என்ஜின் இரண்டு மூன்று முறை பலமாக உதறிவிட்டு ஓய்கிறது.

"அப்படியானால் இன்னும் மென்மையான ரப்பரை வைத்தால் 5-க்குக் கொண்டுவந்துவிடலாமே, ஐயா" என்றான். கையோடு அத்தகைய ரப்பரை வாங்கியும் வந்திருந்தான். கணக்கின்படி அவன் சொன்னது சரி. அந்த இடத்தில்தான் என் பழைய கதை ஒன்றை அவனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், மழைக்காலத்து மின்வெட்டுக்காக டீசல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கியிருந்தோம். பத்தாம் வகுப்புத் தேர்வு அறையை ஒட்டி அது நின்றது. அதன் அதிர்வு தரை வழியே வந்து மேசைகளை நடுக்கியது. பௌதிக ஆசிரியன் அல்லவா? நானே முன்னின்று, தடித்த பஞ்சு ரப்பரை வெட்டி அதன் நான்கு கால்களுக்கும் அடியில் வைக்கச் செய்தேன். மறுநாள் தேர்வு அறை அமைதியாக இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் அந்த ஜெனரேட்டர் கன்றுக்குட்டி போல் துள்ளுவதை நான் பார்த்தேன், பார்த்தும் பொருட்படுத்தவில்லை. டீசல் தொட்டியிலிருந்து வரும் செம்புக் குழாய் விறைப்பானது. தொட்டியோ சுவரில் மாட்டப்பட்டிருந்தது. துள்ளும் என்ஜினுக்கும் துள்ளாத சுவருக்கும் இடையே அந்தக் குழாய் ஒவ்வொரு நாளும் வளைந்து நிமிர்ந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு மாலையில் அது இணைப்பருகே வெடித்து, சூடான புகைக்குழாயின் மேல் டீசல் சொட்டியது. புகையைக் கண்ட காவலாளி மணலை அள்ளிக் கொட்டினார். குழந்தைகளை வரிசையாக வெளியேற்றினோம். ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை.

தரையில் நின்ற ஜெனரேட்டருக்கு இதுவென்றால், ஆகாயத்தில் என்ன ஆகும் என்று இருவரும் கணக்கிட்டோம். மென்மையான அந்த ரப்பர் என்ஜினின் எடைக்கே 10 மில்லிமீட்டர் தாழும். விமானம் அறுபது பாகை சாய்ந்து உயரம் குன்றாமல் திரும்பினால் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் இரு மடங்காகிவிடும். சாதாரண வகைச் சிறு விமானங்களை எடையைப் போல் 3.8 மடங்கு பாரம் தாங்குமாறு அமைக்கிறார்கள். அந்த நிலையில் மென்மையான ரப்பர் 38 மில்லிமீட்டர் தாழ வேண்டும். அதற்கு முன்பே என்ஜின் தன் மூடியில் இடிக்கும். புகைக்குழாய் தகட்டை அறுக்கும். எண்ணெய்க் குழாய்கள் இழுபடும். இவை எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்பியின் ஒரு முனை ஓட்டுபவரின் பலகையில் இருக்கிறது, மறுமுனை என்ஜினில். என்ஜின் நகர்ந்தால் ஓட்டுபவர் கை அசைக்காமலே கம்பி இழுக்கப்பட்டு வேகம் மாறிவிடும். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்த மென்மையான ரப்பர்த் துண்டுகளைப் பெட்டியில் போட்டு மூடினான்.

அவ்வாறாயின் எதைத் தேர்ந்தெடுப்பது? ரப்பரின் மென்மை மட்டுமன்று, அது பார்க்கும் திசையும் முக்கியம் என்பதை அவன் வாங்கிவந்த கையேடுகளிலிருந்து நானும் கற்றுக்கொண்டேன். ரப்பரை அமுக்கினால் விறைப்பாக நிற்கும். பக்கவாட்டில் தள்ளினால் எளிதில் சறுக்கிக் கொடுக்கும். சிறு விமானத்தின் என்ஜின் பின்புறத்தில் மட்டும் நான்கு புள்ளிகளில் பிடிக்கப்பட்டு, முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான்கு ரப்பர்களின் அச்சும் என்ஜின் தண்டுக்கு இணையாக இருப்பது ஒரு வகை. கூம்பு வடிவ ரப்பர் உடையதால் அதைக் கூம்பு மவுண்டிங் என்பார்கள். அமைப்பதற்கு எளிது, விலையும் குறைவு. ஆனால் என்ஜினை மேலே தூக்கும் ஒவ்வொரு உதறலும் அதன் மூக்கைத் தலையாட்டவும் வைக்கும். ஏனெனில் பிடிப்பு ஓரிடத்தில், பாரத்தின் மையம் வேறிடத்தில். மற்றொரு வகையில் நான்கு ரப்பர்களும் சாய்த்து வைக்கப்பட்டு, அவற்றின் அச்சுகள் முன்னே என்ஜினின் ஈர்ப்பு மையத்தருகே ஒரு புள்ளியை நோக்குகின்றன. டைனஃபோக்கல் என்று அதற்குப் பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை என்ஜினை அதன் நடுவிலேயே பிடித்திருப்பது போன்ற விளைவை அது தருகிறது.

இந்தச் சூழ்ச்சியின் உறவு மோட்டார் வண்டியிலும் உண்டு. 1931-இல் அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியார் தங்கள் பிளிமத் காரில், என்ஜின் அசைந்தாடும் அச்சு அதன் ஈர்ப்பு மையத்தின் வழியே செல்லுமாறு ரப்பரில் ஏற்றி, 'மிதக்கும் ஆற்றல்' என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள். மறு ஆண்டு பிரான்ஸின் சித்ரோவன் கம்பெனி அந்த உரிமையை வாங்கித் தன் கார்களின் முகப்பில் நீந்தும் அன்னம் ஒன்றைப் பொறித்துக்கொண்டது. ரப்பரை உலோகத்தோடு பிரியாமல் ஒட்டும் கலையை வளர்த்தவர்களுள் ஒருவர் ஹியூ லார்ட் என்னும் அமெரிக்க வழக்கறிஞர். அவர் 1924-இல் தொடங்கிய கம்பெனியின் பெயர் விமான மெக்கானிக்குகளிடையே இன்றும் வழங்குகிறது. ஒரு வழக்கறிஞருக்கு ரப்பரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஓட்டல்காரருக்கு விமானத்தில் என்ன வேலை?

ஆயினும் கூம்பா, டைனஃபோக்கலா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பல சமயம் நமக்கு இருப்பதில்லை. என்ஜினின் உடலிலுள்ள காதுகள் எந்தக் கோணத்தில் வார்க்கப்பட்டிருக்கின்றனவோ அந்தக் கோணத்துக்குத்தான் சட்டம் செய்ய வேண்டும். டைனஃபோக்கலிலேயே 30 பாகை, 18 பாகை என இரு வகை உண்டு. ஒன்றுக்குச் செய்த சட்டம் மற்றதற்குப் பொருந்தாது. மலிவாகக் கிடைத்ததே என்று என்ஜினை முதலில் வாங்கி, வேறொருவர் விற்ற சட்டத்தைப் பிறகு வாங்கி, இரண்டும் சேராமல் விழித்தவர்கள் உண்டாம். எங்கள் பையன் அந்த ஒரு தவற்றைச் செய்யவில்லை. என்ஜினை உண்டாக்கியவர்கள் அதற்கென்று குறித்த ரப்பரையே தருவித்தான். இரண்டு ரப்பர்களுக்கு நடுவே என்ஜினின் காது அகப்பட்டிருக்க, எல்லாவற்றையும் ஒரு போல்ட் ஊடுருவிச் செல்லும் அமைப்பு அது. ரப்பர் முழுவதும் கிழிந்துபோனாலும் என்ஜின் தளர்ந்து ஆடுமேயன்றிக் கழன்று விழாது. இந்த ஒரு பண்பு இல்லாத ரப்பரை, அது எவ்வளவு அமைதியாக ஓடினாலும் சரி, விமானத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வேறு சிலவற்றையும் குறித்துக்கொண்டோம். இயற்கை ரப்பர் அதிர்வைத் தாங்குவதில் சிறந்தது. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். புகைக்குழாயின் வெப்பமும் அதற்கு ஆகாது. இடையே ஒரு தகட்டை மறைப்பாக வைக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் தளர்ந்து என்ஜினின் மூக்கு தாழ்ந்துவிடும். புரொப்பெல்லரின் முன்னுள்ள கூம்பு, மூடியின் விளிம்புக்குக் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தே அனுபவமுள்ள மெக்கானிக் இதைக் கண்டுகொள்வார். இன்னொன்று நமக்கு எளிதில் தோன்றாது: ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே என்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு தடித்த செம்புப் பட்டையைத் தனியே கட்ட வேண்டும். அதை மறந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேண்டிய பெரும் மின்னோட்டம், கிடைத்த வழியாகிய கட்டுப்பாட்டுக் கம்பியின் ஊடே பாய்ந்து அதைச் சுட்டுவிடும்.

ரப்பர்கள் வந்ததும் அவன் அவற்றை அப்படியே நம்பிவிடவில்லை. என்ஜினும் அதைச் சார்ந்தவையும் சேர்ந்து 112 கிலோ. ஒவ்வொன்றின் பங்கு 28. காப்பிக் கொட்டையை 28 கிலோ நிறுத்துச் சாக்கில் கட்டி, ஒவ்வொரு ரப்பரிலும் முறையாகத் தொங்கவிட்டு எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தான். மூன்று ஏறக்குறைய ஒரே அளவு, நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்தன. நான்காவது அதில் பாதிகூடத் தாழவில்லை. பார்வைக்கு நான்கும் இரட்டைப் பிள்ளைகள் போல் இருந்தன. அதைத் திருப்பி அனுப்பி, மாற்று வரும் வரை ஆறு வாரம் காத்திருந்தான்.

சென்ற மாதம் கிடங்கின் முற்றத்தில், காப்பி உலர்த்தும் களத்தில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வாலை ஒரு சில்வர் ஓக் மரத்தோடு கட்டி, என்ஜினை முதன்முதலாக ஓட்டினார்கள். அளவுமானிப் பலகையின் மேல் ஒரு கிளாஸில் தண்ணீர் வைக்கச் சொன்னேன். மெதுவாக ஓடியபோது தண்ணீரில் வட்ட வட்டமாக நெளிவுகள் எழுந்தன. வேகத்தைக் கூட்டினான். ஓரிடத்தில் தண்ணீர் விளிம்பு தாண்டித் தெறித்தது. இன்னும் கூட்டினான். புரொப்பெல்லரின் காற்றில் காப்பிச் செடிகள் படுத்துவிட்டன. தண்ணீரோ பளிங்குபோல் நின்றது. நிறுத்தியபோது என்ஜின் மூன்று முறை உதறிவிட்டு ஓய்ந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தோம். நான்கு ரப்பர்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் வலப்புறம் புகைக்குழாய் வெளிவரும் துளையின் விளிம்பில், அந்தக் கடைசி உதறலின்போது குழாய் உராய்ந்த தடம், விரல் நகம் அகலத்தில் பளபளவென்று தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்து, துளையைச் சுற்றி இன்னும் ஒரு விரற்கடை விட்டு வட்டம் வரைந்தான். பிறகு அரத்தைத் தேடி உள்ளே போனான்.